முதல் பஸ்ஸும் முதல் பீரியடும்

ஜோதிலட்சுமிக்கு அந்தப் பள்ளியில் ஒரு பீரியட்கூடக் கிடையாது. அதனால்தான் வாரத்தின் நானூற்று எண்பது பீரியடும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

மந்தைவெளியில் மெட்ரோ வேலைக்காரர்களின் தகரத் தடுப்புக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிற மேல்நிலைப் பள்ளி அது. ஜோதிலட்சுமி அங்கே ஆய்வக உதவியாளர். சோதனைக் குழாய் கழுவுவது, அமில பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவது, எந்த வகுப்பு எந்தக் காந்தத்தை எடுத்துப் போய்த் திருப்பித் தரவில்லை என்று துரத்துவது, இவைதான் அவருக்குச் சம்பளம் தருகிற வேலைகள். அவருடைய அப்பா அதே பள்ளியில் வாட்ச்மேனாக இருந்தார். பணியில் இருக்கும்போதே அவர் போய்விட்டதால், பிளஸ் டூ முடித்திருந்த மகளுக்கு இருபது வயதில் வாரிசு வேலை கிடைத்தது. இப்போது ஐம்பத்து நான்கு வயதாகிறது. இடையில் ஒன்பது தலைமை ஆசிரியர்களைப் பார்த்தாயிற்று.

கால அட்டவணை அவரிடம் வந்த கதை சுவையானது. அதுவரை அதை ஆசிரியர்கள்தான் போட்டார்கள். போட்டவருக்கு மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட் வராது. மற்ற எல்லோருக்கும் வரும். ஆகவே ஒவ்வொரு ஜூனிலும் ஆசிரியர் அறையில் ஒரு குருக்ஷேத்திரம் நடக்கும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு சண்டையின் நடுவே, அப்போதைய தலைமை ஆசிரியை வெறுத்துப்போய் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் ஜோதிலட்சுமி தராசுப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். உனக்குத்தான் எந்தப் பீரியடும் வேண்டாமே, நீயே போட்டுத் தொலை என்றார் தலைமை ஆசிரியை. அவர் சொன்னது எரிச்சலில். இவர் எடுத்துக்கொண்டது நிஜமாக. மூன்றாம் நாள் அட்டவணை வந்தது. ஒருவரும் சண்டை போடவில்லை. அந்த வருஷத்திலிருந்து அட்டவணையின் அடியில் உதவித் தலைமை ஆசிரியரின் கையெழுத்து இருக்கும், உள்ளே இருப்பதெல்லாம் ஜோதிலட்சுமியின் மூளை.

அவர் அதைப் போடுகிற விதமே தனி. கல்யாணப் பத்திரிகைகளை வெட்டித்தான் போடுவார். பள்ளிக்கூடத்துக்கு வருகிற பத்திரிகைகளுக்குக் கணக்கே இல்லை. விருந்து முடிந்ததும் அவை குப்பைக்குப் போகும். ஜோதிலட்சுமி அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய், நல்ல கனத்த அட்டையாகப் பார்த்துத் தீப்பெட்டி அளவுக்குத் துண்டு போடுவார். ஓர் ஆசிரியருக்கு ஒரு நிறம். மே மாதம் ஆய்வகத்தின் நீளமான கல்மேஜையில் துண்டுகளைப் பரப்பி வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். மின்விசிறி போட முடியாது, போட்டால் அடுத்த வருஷம் முழுதும் பறந்துவிடும். வியர்வை வழிய வழிய, ஒரு வாரம். எல்லாம் பொருந்தியபின் அட்டவணைப் பலகையில் குண்டூசியால் குத்துவார்.

ஒரே ஒரு முறை இதில் சறுக்கினார். ஆங்கில ஆசிரியை ஹம்சா தன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். எங்கே தேடியும் கிடைக்காத நல்ல ஊதா நிறம். நடந்து முடிந்த கல்யாணம் என்ற நினைப்பில் ஜோதிலட்சுமி அன்றே அதை வெட்டிவிட்டார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் கணவர் தங்கவேல் எந்த மண்டபம் என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. இருவரும் பலகை முன் நின்று தேடினார்கள். மண்டபத்தின் பெயர் திங்கட்கிழமை இரண்டாம் பீரியடில் இருந்தது, தி.நகர் என்பது புதனில், முகூர்த்த நேரம் வியாழன் ஐந்தாம் பீரியடில். சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். தங்கவேல் கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு லைட் பிடிக்கிறவர். அந்தக் கதையை இன்றும் செட்டில் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

துண்டு வெட்டுவது யாருக்கும் வரும். யாருக்கு எப்போது என்ன தேவை என்பதைக் கேட்காமலே தெரிந்துவைத்திருந்தாரே, அதுதான் எல்லோருக்கும் வராது. வெள்ளிக்கிழமை நண்பகலில் கணக்கு ஆசிரியர் ஷரஃபுதீன் தொழுகைக்குப் போக வேண்டும், அங்கே பச்சைத் துண்டு இருக்காது. ஹம்சாவுக்குக் குழந்தை பிறந்த வருஷம் மூன்றாம் பீரியடில் ஊதா விழவில்லை. ஹம்சா வீட்டுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் விண்ணப்பம் எழுதவில்லை, யாரும் நன்றி சொன்னதாகவும் தெரியவில்லை. அதைப்பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

இந்த ஜூனில் பள்ளிக்கு ஒரு புதிய பாடப்பிரிவு வந்தது. பிளஸ் ஒன்னில் நர்சிங். பழைய இயற்பியல் ஆய்வகத்தின் ஒரு மூலையில் இரும்புக் கட்டில் போட்டார்கள், அதன்மேல் ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்தார்கள். சொல்லித்தர ஃபிர்தௌஸ் என்ற நர்ஸ் ஒப்பந்தத்தில் வந்தார். பதினொரு மணிக்கு மேல் அவருக்கு மருத்துவமனையில் டூட்டி. பதினேழு பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு நிபந்தனையும் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் அதிகாரி ஆய்வுக்கு வருவார். அன்றைக்கு வகுப்பில் பதினைந்து பேராவது உட்கார்ந்திருந்தால்தான் பிரிவு தொடரும். இல்லையென்றால் கட்டில் வேறு பள்ளிக்குப் போய்விடும், பெண்கள் வேறு பாடத்துக்கு மாற வேண்டியதுதான்.

செய்முறை வகுப்புக்கு வாரத்தில் இரண்டு காலை வேண்டும், ஃபிர்தௌஸால் வர முடிந்ததோ திங்களும் புதனும் மட்டும். ஆய்வகம் ஒன்றுதான். திங்களும் புதனும் முதல் இரண்டு பீரியட் அங்கே இயற்பியல் ஆசிரியர் ஸ்ரீனிவாசராகவன் பிளஸ் டூவுக்குச் செய்முறை நடத்துவார். காலையில்தான் பிள்ளைகளுக்கு மூளை வேலை செய்யும் என்பது அவர் கட்சி. இருபது வருஷமாக அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டதில்லை, அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவரிடம் கேட்கவும் யாருக்கும் துணிவில்லை. ஜோதிலட்சுமி யோசித்தார். மணி அடிப்பது எட்டு ஐம்பதுக்கு. அதற்கு முன்னால் எட்டு மணிக்கே ஒரு வகுப்பை வைத்துவிட்டால்? ஃபிர்தௌஸுக்குச் சரி, ஸ்ரீனிவாசராகவனுக்கும் சரி. பலகையில் ஒரு பிசிறும் இல்லை. தலைமை ஆசிரியை கையைப் பிடித்துப் பாராட்டினார். ஜோதிலட்சுமிக்கே தன்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஜூலை பாதியில் அந்தப் பெருமை வற்றிவிட்டது. எட்டு மணி வகுப்புக்கு ஆறு பேர் வந்தார்கள். மீதிப் பதினோரு பேர் எட்டரைக்கு மேல் ஓடி வந்து கேட்டில் நின்றார்கள். பதினோரு பேரும் பெரும்பாக்கம். ஒரு காலத்தில் பள்ளிக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் இருந்த குடும்பங்கள்தான். வீடுகளை இடித்து, ஊருக்கு வெளியே அங்கே கொண்டுபோய் விட்டபிறகும் பிள்ளைகள் பள்ளியை விடவில்லை, தாய்மார்கள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் வேலை செய்த வீடுகளை விடவில்லை. தினமும் பஸ்ஸில் வந்து போனார்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஸ்ரீனிவாசராகவன் நல்ல மனிதர், ஆனால் கடிகாரம் விஷயத்தில் இரக்கம் கிடையாது. அவர் சொன்னார்: "எங்காத்துல பாத்திரம் தேய்க்கறவ தேவானையும் பெரும்பாக்கத்துலேர்ந்துதான் வரா. ஏழரைக்கு டாண்ணு வந்து நிக்கறா, ஒரு நாள் தப்பினதில்லை. அதே ஊர், அதே பஸ். இதுகளுக்கு மட்டும் என்ன வந்துதாம்?"

ஆறு பேரை வைத்துக்கொண்டு அதிகாரி முன் அவமானப்படுவதைவிட, இந்தப் பிரிவு வேண்டாம் என்று நாமே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தலைமை ஆசிரியை வருத்தத்தோடு சொன்னார். கடைசியில், ஆய்வு வரைக்கும் பார்க்கலாம் என்று விட்டார்கள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜோதிலட்சுமிக்கு முகம் வாடிவிட்டது. அந்த எட்டு மணியை வைத்தது அவர்தானே.

அன்று மாலை கயல் என்ற பெண் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைத் திருப்பித் தர ஆய்வகத்துக்கு வந்தாள். பதினோரு பேரில் ஒருத்தி. ஒல்லி, வாய் கொஞ்சம் நீளம். கருவியை வைத்துவிட்டுப் பலகை முன்னால் போய் நின்றாள்.

"லேப் அக்கா, ஷரஃபுதீன் சாருக்குப் பச்ச, ஹம்சா மிஸ்ஸுக்கு வயலெட்டு. நாங்க இன்னா கலரு?"

நீங்கள் வகுப்பு, வகுப்புக்கு நிறம் கிடையாது, வரிசைதான் என்று ஜோதிலட்சுமி சொன்னார். சொல்லும்போதே வாயில் ஏதோ கசந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பலகையில் ஆசிரியருக்குக் குழந்தை இருந்தது, தொழுகை இருந்தது, முழங்கால் வலிகூட இருந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை. அவர்கள் காலையில் மணி அடித்தால் தரையிலிருந்து முளைத்து, சாயங்காலம் மணி அடித்தால் மறைந்துபோகிறவர்கள் என்றே வைத்து அட்டவணை போட்டிருந்தார். தானும் பத்து நிமிஷம் நடந்தால் பள்ளிக்கு வந்துவிடுகிறவர் அல்லவா.

தேவானை வருகிற பஸ்ஸிலேயே நீயும் வந்தால் என்ன என்று கேட்டார். கயல் அந்த அம்மாவின் எதிர் வீட்டுக்காரிதானாம். "அது வேற பஸ்ஸுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். ஜோதிலட்சுமி மறுநாள் விடியற்காலை பஸ் பிடித்துப் பெரும்பாக்கம் போய் இறங்கினார். யாரிடமும் சொல்லவில்லை. தங்கவேலிடம் மட்டும் தோசை மாவு எங்கே இருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

ஆறு இருபதுக்கு முதல் பிங்க் பஸ். பெண்களுக்கும் சீருடைப் பிள்ளைகளுக்கும் டிக்கெட் இல்லாத சாதாரண பஸ் அதுதான். நிறுத்தத்தில் இரண்டு கூட்டம் இருந்தது. முன்னால் அம்மாக்கள், பின்னால் சுவரோரமாகச் சீருடையில் பெண்பிள்ளைகள். பஸ் வந்ததும் அம்மாக்கள் ஏறினார்கள். பிள்ளைகள் ஒருத்தியும் அசையவில்லை. கயல் மட்டும் ஓடிப்போய் ஒரு தூக்குப்பையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர் தேவானை. படிக்கட்டு வரை நிறைந்து, பஸ் சாய்ந்துகொண்டே கிளம்பிப் போனது.

ஏன் ஏறவில்லை என்று ஜோதிலட்சுமி கேட்டார். அவரை அங்கே பார்த்த திகைப்பு தீராமலே கயல் சொன்னாள்.

"மொத பஸ்ஸு அம்மாங்களுதுக்கா. நாங்க ஏறுனா அவுங்க நிக்கணும். லேட்டா போனா அந்த வூட்ல வேற ஆள வெச்சிக்குவாங்க. எங்கள இஸ்கூல்ல திட்டுவாங்க, அவ்ளோதானே."

அது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. யாரும் எழுதிவைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டால் முதல் பஸ்ஸை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். இதைப் பள்ளியில் சொல்லியிருக்கலாமே என்றார் ஜோதிலட்சுமி. கேட்டில் காரணம் கேட்கமாட்டார்கள், பெயர்தான் எழுதுவார்கள் என்றாள் கயல். அதில் குற்றச்சாட்டுகூட இல்லை, சும்மா தகவல் சொல்வது போலத்தான் சொன்னாள்.

ஆறு ஐம்பதுக்கு இரண்டாவது பஸ் வந்தது. பிள்ளைகளோடு ஒற்றைக் காலில் நின்றுகொண்டே வந்தார். சோழிங்கநல்லூரில் ஊர்ந்து, அடையாறில் மெட்ரோ தோண்டிய பள்ளத்தைச் சுற்றி, மந்தைவெளியில் இறங்கும்போது மணி எட்டு இருபத்தைந்து. இடுப்பு விட்டுப்போயிற்று. நேராக ஸ்ரீனிவாசராகவனிடம்தான் போனார்.

அவர் செய்முறைக்காக ஊசலைக் கட்டிக்கொண்டிருந்தார். ஜோதிலட்சுமி சுற்றிவளைக்கவில்லை.

"சார், உங்க வீட்டு தேவானை ஏழரைக்கு டாண்ணு எப்படி வர்றாங்கன்னு பாத்துட்டு வந்தேன். இந்தப் புள்ளைங்க பஸ்ஸ விட்டுக் குடுக்குதுங்க சார். அதனாலதான் அவங்க வர்றாங்க."

பிறகு முழுவதையும் சொன்னார். ஸ்ரீனிவாசராகவன் ஊசலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மாக்கள் போகட்டும்னு நின்னுண்டிருக்குதுகளா" என்று ஒரு தரம் தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குப்பின் எழுந்து பலகைக்குப் போய், திங்கள் முதல் இரண்டு பீரியடிலும் புதன் முதல் இரண்டிலும் இருந்த தன் பழுப்புத் துண்டுகளைக் குண்டூசியோடு பிடுங்கி ஜோதிலட்சுமியின் கையில் வைத்தார். மத்தியானம் ஆய்வகம் கொதிக்கும், பரவாயில்லை என்றார். இருபது வருஷம் பிடித்த பிடியை இரண்டு நிமிஷத்தில் விட்ட அந்த மனிதரையும் பாராட்டாமல் இருக்க முடியாது.

நர்சிங் செய்முறை எட்டு ஐம்பதுக்கு மாறியது. ஆனால் ஜோதிலட்சுமிக்கு அது போதவில்லை. பலகையில் பஸ் இருக்க வேண்டும் என்றார். அடுத்த ஜூனில் வேறு யாராவது அட்டவணை போட்டாலும் கண்ணில் பட வேண்டுமே. பஸ் நிறத்தில் பிங்க் அட்டை தேடினார், கிடைக்கவில்லை. வீட்டு அலமாரியில் ஒன்று இருந்தது. அவருடைய கல்யாணப் பத்திரிகை. ராயப்பேட்டையில் அச்சடித்தது, ரோஜா நிறம், மூலையில் மஞ்சள் தடவிய கறை. அந்த ஒரு பிரதிதான் மிச்சம். அதை எடுத்து அளவாக வெட்டினார். தங்கவேல் பார்த்துக்கொண்டே இருந்தவர், மண்டபம் எங்கே என்று இந்தத் தடவை யாரும் தேட வேண்டாம், எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றார். ஒவ்வொரு நாளின் முதல் பீரியடுக்கும் முன்னால், எட்டு இருபத்தைந்து என்று எழுதிய ஒரு ரோஜாத் துண்டு ஏறியது.

ஒரு மாதம் பதினேழு பேரும் நேரத்துக்கு வந்தார்கள். கட்டில் பொம்மைக்கு ஊசி போட்டுப் போட்டு ரப்பர் தேய்ந்தது. ஆகஸ்ட் கடைசி வாரம்தான் சனி பிடித்தது. புதன்கிழமை எட்டு ஐம்பதுக்கு வருகிறேன் என்று அதிகாரி தகவல் அனுப்பினார். அதற்கு இரண்டு நாள் முன்பு மெட்ரோக்காரர்கள் மந்தைவெளியில் இன்னொரு சாலையையும் மூடினார்கள். பஸ் சுற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை பிள்ளைகள் இறங்கியது ஒன்பது ஐந்துக்கு. செவ்வாய்க்கிழமை ஒன்பது பத்துக்கு. அதிகாரி வகுப்பை எட்டிப் பார்க்கும்போது ஆறு பேர்தான் இருப்பார்கள். பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, அவருக்கு அன்று இன்னும் மூன்று பள்ளி இருக்கிறதாம். ஜோதிலட்சுமி செவ்வாய் மாலை பலகையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்தத் துண்டை எங்கே நகர்த்தினாலும் சாலை திறக்காது. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அட்டவணை அவரைத் தோற்கடித்தது. கயலிடம் நடப்பது நடக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை, மனம் கேட்காமல், ஏழே முக்காலுக்கே பள்ளிக்கு வந்தார். கேட் பூட்டியிருந்தது. அதன் வெளியே, இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டோடு, பதினோரு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

கயல் முந்திக்கொண்டு சொன்னாள். "நைட்டு வூட்ல சொன்னோம்க்கா. காலைல தேவானைக்கா எல்லாரையும் தள்ளி நிக்க வெச்சிட்டாங்க. இன்னிக்கு ஒரு நாளு மொத பஸ்ஸு உங்களுது, ஏறுங்கடின்னாங்க."

எட்டு ஐம்பதுக்கு அதிகாரி வந்தார். பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கயல் அவருக்கே ரத்த அழுத்தம் பார்த்து, கொஞ்சம் அதிகம், உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றாள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் அடுத்த பள்ளிக்குப் போனார்.

பெரும்பாக்கத்து அம்மாக்கள் அன்று வேலை வீடுகளில் தாமதத்துக்கு என்னென்ன பேச்சுக் கேட்டார்களோ, அதை நினைக்க நினைக்க ஜோதிலட்சுமிக்குச் சந்தோஷம் முழுசாக இறங்கவில்லை. ஆய்வகத்தில் கட்டில் விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது ஸ்ரீனிவாசராகவன் உள்ளே வந்தார். இருபது வருஷத்தில் முதல்முறையாகப் பள்ளிக்குத் தாமதமாக வந்திருந்தார். சட்டைக் கை முழங்கை வரை மடித்திருந்தது, முன்பக்கம் நனைந்திருந்தது. பலகையில் ரோஜாத் துண்டை ஒரு நிமிஷம் பார்த்தார். ஆய்வு என்னாயிற்று என்று கேட்டார். பதினேழு பேர் என்றார் ஜோதிலட்சுமி. ஸ்ரீனிவாசராகவன் தலையை ஆட்டிக்கொண்டே ஊசல் பெட்டியைத் திறந்தார்.

"தேவானை இன்னிக்கு ஒம்பது மணிக்குத்தான் வந்தா. பாத்திரமெல்லாம் நானே தேச்சு வெச்சுட்டேன். ஏன் லேட்டுன்னு நான் கேக்கலை."